ஹார்ன் அடிக்கிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை

காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. மறுபடி திருப்பினால் மறுபடி ‘டக்’. ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தால் பளிச்சென்று எரிகிறது. ஹார்ன் தெருக்கோடி வரை கேட்கிறது. பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு வண்டி ஏன் கிளம்பவில்லை? பழைய கார் வைத்திருப்பவர்களில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு.

இதைவிடக் குழப்பமான இன்னொரு கேள்வியும் உண்டு. மெக்கானிக் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் புதுசு போடுகிறார், வண்டி எடுக்கிறது. சில மாதம் போனதும் பழையபடி ‘டக்’. இந்த முறை சொலினாய்டு போய்விட்டது என்கிறார். அதையும் மாற்றினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடுகிறது. புதுப் பொருள் எப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கெடுகிறது?

இப்படித் திரும்பத் திரும்ப வரும் கோளாறில் பல சமயம் தப்பு மோட்டாரில் இருப்பதில்லை. மோட்டாருக்கு மின்சாரம் போய்த் திரும்பும் பாதையில் இருக்கிறது. பாதை சரியில்லாத வண்டியில் போடும் ஒவ்வொரு புது உதிரிப்பாகமும் சீக்கிரமே தேயும். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

நூறு ஆம்பியர் எதற்கு?

ஒரு மாருதி 800-ன் இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து எடுக்கும் மின்னோட்டம் 9 அல்லது 10 ஆம்பியர். ஹார்ன் சில ஆம்பியர். செல்ஃப் மோட்டாரோ சாதாரணமாக 100 ஆம்பியருக்கு மேல் கேட்கும். நின்றுகொண்டிருக்கும் இன்ஜினை அசைக்கத் தொடங்கும் முதல் நொடித்துளியில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. வீட்டில் ஓடும் ஒன்றரை டன் ஏசி சுமார் 7 ஆம்பியர்தான் எடுக்கிறது. ஆனால் அங்கே அழுத்தம் 230 வோல்ட், இங்கே வெறும் 12. அழுத்தம் குறைவாக இருக்கும்போது வேலையை முடிக்க மின்னோட்டம்தான் பெருக வேண்டும். பேட்டரியிலிருந்து போகும் கேபிள் அவ்வளவு தடிமனாக இருப்பது இதனால்தான்.

மின்சாரத்தால் இன்ஜினைச் சுற்றிவிட முடியும் என்று ஊருக்குக் காட்டியவர் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் வேலை பார்த்த சார்லஸ் கெட்டரிங். அதுவரை இன்ஜினின் முன்பக்கம் இரும்புக் கம்பியைச் செருகிக் கையால் சுற்றினார்கள். இன்ஜின் எதிர்த்திசையில் உதைத்தால் கை ஒடியும். கெட்டரிங் அதற்கு முன் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் இருந்தவர், கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் வைத்தவர். அந்த மோட்டார் ஒரு கணம் பலமாக இழுத்துவிட்டு ஓய்ந்துவிடும். நாள் முழுக்க ஓட வேண்டிய மோட்டார் பெரிதாக இருந்தாக வேண்டும். சில விநாடி மட்டும் வேலை செய்யும் மோட்டார் சிறியதாக இருந்தாலும் அதன் தகுதிக்கு மேல் சுமை ஏற்றலாம். 1912-ஆம் ஆண்டு கேடிலாக் கார்கள் இந்த ஏற்பாட்டோடு விற்பனைக்கு வந்தன. இன்றைக்கும் செல்ஃப் மோட்டார் அந்த ஒப்பந்தத்தில்தான் உயிர் வாழ்கிறது. தொடர்ந்து 10 விநாடிக்கு மேல் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த ஒப்பந்தம் முறிகிறது. சுருள் சூடேறி, உள்ளே இருக்கும் பூச்சு கருகத் தொடங்கும்.

சொலினாய்டுக்குள் இரண்டு சுருள்கள்

செல்ஃப் மோட்டாரின் முதுகில் சின்ன உருளை ஒன்று உட்கார்ந்திருக்கும். அதுதான் சொலினாய்டு. சாவியைத் திருப்பியதும் மெல்லிய ஒயர் ஒன்றின் வழியாக இதற்கு மின்சாரம் வருகிறது. உள்ளே செம்புக் கம்பிச் சுருள். அதன் நடுவில் ஓர் இரும்புத் தண்டு. சுருள் காந்தமாகி தண்டை உள்ளே இழுக்கும். தண்டின் ஒரு முனை, நெம்புகோல் வழியாக ஒரு சிறு பல்சக்கரத்தை முன்னே தள்ளி, இன்ஜின் ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் பெரிய பல்வளையத்தில் கோக்கிறது. நம் ஊர் மெக்கானிக்குகள் இந்தச் சிறு சக்கரத்தை ‘பெண்டிக்ஸ்’ என்பார்கள். பற்கள் கோத்த பிறகு, தண்டின் மறுமுனை ஒரு செம்புத் தட்டைத் தள்ளி இரண்டு தடித்த போல்ட்டுகளின் தலையில் அழுத்துகிறது. அந்த நொடியில்தான் பேட்டரியின் முழு வேகமும் மோட்டாருக்குப் பாய்கிறது. நாம் கேட்கும் ‘டக்’ அந்தத் தட்டு போய் மோதும் ஓசை.

சுருள் உண்மையில் ஒன்றல்ல, இரண்டு. தண்டை இழுக்கத் தடித்த கம்பிச் சுருள் ஒன்று. இதை இழுசுருள் என்போம். இழுத்ததை விடாமல் வைத்திருக்க மெல்லிய கம்பிச் சுருள் இன்னொன்று, அது பிடிசுருள். தூரத்தில் இருக்கும் இரும்பை இழுக்கப் பலம் அதிகம் வேண்டும். அருகே வந்துவிட்ட இரும்பைப் பிடித்துவைக்கக் கொஞ்சம் போதும். அதனால் செம்புத் தட்டு போல்ட்டைத் தொட்டதும் இழுசுருளில் மின்னோட்டம் தானாகவே நிற்கும்படி இணைத்திருக்கிறார்கள். அதன் இரு முனையிலும் ஒரே வோல்ட் வந்துவிடுவதால் அது ஓய்ந்துவிடுகிறது. பிடிசுருள் மட்டும் வேலையில் இருக்கும். மின்சாரம் சிக்கனமாகிறது, சுருளும் சூடாவதில்லை. ஒரு சுவிட்சுகூட கூடுதலாக இல்லாமல் இதைச் செய்திருப்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் வடிவமைப்பு.

‘டக்-டக்-டக்’ ஏன்?

இந்தச் சிக்கனத்துக்குள் ஒரு பலவீனம் ஒளிந்திருக்கிறது. பாதையில் எங்கோ தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டு தொடாதவரை சொலினாய்டுக்கு வேண்டியது சில பத்து ஆம்பியர்தான், அது வந்துவிடுகிறது. தண்டு உள்ளே போகிறது, தட்டு தொடுகிறது, மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கிறது. அந்தப் பெரிய ஓட்டம் தடையின் வழியாகப் போக முயலும்போது வோல்ட் தடாலென்று சரிகிறது. பிடிசுருளுக்கும் வோல்ட் போதாமல் போய் தண்டை விட்டுவிடுகிறது. தட்டு விலகியதும் மோட்டார் நிற்கிறது, வோல்ட் பழைய நிலைக்கு ஏறுகிறது, இழுசுருள் மறுபடி இழுக்கிறது. ஒரு விநாடிக்குள் பல முறை இப்படி நடப்பதுதான் அந்த ‘டக்-டக்-டக்’.

ஒவ்வொரு முறை தட்டு விலகும்போதும் செம்புக்கும் போல்ட்டுக்கும் நடுவே நெருப்புப்பொறி பறக்கிறது. பொறி பட்ட இடம் குழியாகிக் கருகும். கருகிய இடத்தில் தொடர்பு மோசமாகும். எனவே பேட்டரி முனையிலோ எர்த்திலோ இருக்கும் ஒரு குறை, நல்ல சொலினாய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. சில நேரம் பொறியின் சூட்டில் தட்டு போல்ட்டோடு ஒட்டிக்கொண்டு, சாவியை எடுத்த பின்னும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது பேட்டரி ஒயரை உடனே கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

புது சொலினாய்டு ஏன் சில மாதத்தில் கெடுகிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. கெட்டதை மாற்றினார்கள், கெடுத்ததை விட்டுவிட்டார்கள்.

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம்

பதினெட்டு, இருபது வயதான ஒரு மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி. செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறது, சில நாள் ‘டக்’ மட்டும். பேட்டரி புதிது. கடைகளில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். கணக்கு சுலபமாக இருக்க எண்களை முழுமையாக்கித் தருகிறேன்.

முதலில் வண்டி நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இக்னிஷன் காயிலுக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டால் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டர் பார்க்க வேண்டும்.

சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட். செல் ஒன்றுக்கு 2.1 வீதம் ஆறு செல். முழு சார்ஜ் என்று பொருள். சாவியைத் திருப்பியதும் பேட்டரி முனைகளில் 11.0. நூறு ஆம்பியர் எடுக்கும்போது இவ்வளவு இறங்குவது இயல்புதான், பேட்டரிமேல் குறையில்லை. இப்போது மீட்டரின் சிவப்பு முனையைச் சொலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் தடித்த போல்ட்டிலும், கறுப்பு முனையை மோட்டாரின் உடம்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். மீட்டர் 8.6 காட்டுகிறது. பேட்டரி தந்தது 11.0, மோட்டாருக்கு வந்து சேர்ந்தது 8.6. நடுவே 2.4 வோல்ட் காணோம். இதற்கு மின்னழுத்த இழப்பு என்று பெயர்.

இழந்தது எங்கே? பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து அதே தடித்த போல்ட் வரை மீட்டரை வைத்துச் செல்ஃப் அடித்தால் 0.4. கேபிளும் சொலினாய்டுத் தட்டும் சேர்ந்து இவ்வளவுதான் என்றால் பரவாயில்லை. ஒரு பக்கத்துக்கு அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது பட்டறைக் கணக்கு. அடுத்து பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து மோட்டாரின் உடம்பு வரை. மீட்டரில் 2.0 வோல்ட்! 0.4-ம் 2.0-ம் சேர்ந்தால் 2.4, கணக்கு சரியாகிவிட்டது. கோளாறு திரும்பும் பாதையில், அதாவது எர்த்தில்.

நூறு ஆம்பியருக்கு 2 வோல்ட் இழப்பு என்றால் மின்தடை 0.02 ஓம். மிகச் சின்ன எண்தான். சாதாரண மல்டிமீட்டரின் சொந்த ஒயர்களிலேயே இதைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடை இருக்கும். அதனால் ஓம் அளக்கும் இடத்தில் மீட்டரை வைத்து இந்த எர்த்தைச் சோதித்தால் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் சொல்லும். மின்சாரம் ஓடும்போது அளந்தால் மட்டுமே இந்தக் குறை வெளியே வரும். எர்த் ஒயரில் தொடர்பு இருக்கிறதா என்று பஸ்ஸர் வைத்துப் பார்த்து ஓகே சொல்லும் பழக்கம்தான் பல பேரைத் தேவையில்லாத செலவில் தள்ளுகிறது.

ஹெட்லைட் ஏன் பளிச்சென்று எரிந்தது என்பதும் இப்போது விளங்கும். விளக்கின் எர்த் வண்டியின் உடம்பில் முடிகிறது. செல்ஃப் மோட்டாரின் எர்த் இன்ஜின் வழியாகப் போகிறது. இன்ஜினோ ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கத்தையும் உடம்பையும் இணைக்கும் பின்னல் பட்டையோ கேபிளோதான் பாலம். அது கெட்டுப்போனது ஹெட்லைட்டுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தாலும், பத்து ஆம்பியருக்கு அந்த 0.02 ஓமில் இழப்பு 0.2 வோல்ட்தான், கண்ணுக்குப் புலப்படாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2 வோல்ட்டும் 100 ஆம்பியரும் சேர்ந்தால் 200 வாட். அத்தனை சூடும் ஒரு துருப்பிடித்த போல்ட்டில் இறங்குகிறது. செல்ஃப் அடித்தவுடன் எர்த் பட்டையின் முனையைத் தொட்டுப் பார்த்தால் கை உணரும். பட்டை முற்றிலும் அறுந்துவிட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். கிளச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் எல்லாம் இரும்புக் கம்பிகள்தானே, இன்ஜினையும் உடம்பையும் அவையும் இணைக்கின்றன. நூறு ஆம்பியர் அவற்றில் பாய்ந்தால் உள்ளுறை உருகிக் கேபிள் இறுகிவிடும். கிளச் கேபிள் அடிக்கடி இறுகுகிறது என்று வரும் வண்டியில் எர்த்தைப் பார்க்காமல் கேபிளை மட்டும் மாற்றினால் அது மறுபடியும் இறுகும்.

எர்த்தைச் சரிசெய்வது

மீட்டர் இல்லாதவர்களுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஜம்பர் கேபிளில் ஒன்றை மட்டும் எடுத்து, பேட்டரியின் மைனஸையும் இன்ஜினின் பெயிண்ட் இல்லாத ஓர் இரும்பு இடத்தையும் இணையுங்கள். செல்ஃப் சட்டென்று வேகமாகச் சுற்றினால் எர்த்தான் குற்றவாளி. சந்தேகம் தீர்ந்தது.

சரிசெய்யும்போது பேட்டரியின் மைனஸை முதலில் கழற்ற வேண்டும். பட்டையின் இரு முனைகளையும் அவிழ்த்துப் பாருங்கள். பின்னலுக்குள் பச்சைப் பொடி பூத்திருக்கும், சில இழைகள் அறுந்திருக்கும். மேலே நன்றாகத் தெரியும் பட்டை முனை உறைக்குள் நொறுங்கிப் போயிருப்பதும் உண்டு. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக்காற்று இதை வேகப்படுத்தும். பட்டையைச் சுத்தம் செய்து காலம் தள்ளுவதைவிட மாற்றிவிடுவது நல்லது. 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் ஒரு மீட்டருக்குத் தடை 0.0007 ஓம்தான், நூறு ஆம்பியரில் இழப்பு 0.07 வோல்ட். செம்புப் பூச்சு பூசிய அலுமினியக் கேபிள்கள் மலிவாக விற்கிறார்கள். அலுமினியம் செம்பில் சுமார் 60 சதவீதமே கடத்தும். இந்த வேலைக்கு வேண்டாம்.

போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளி போல் மின்னும் வரை தேய்க்க வேண்டும். பெயிண்டுக்கு மேலேயே போல்ட்டை முறுக்குவது பழைய வண்டிகளில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பல் வாஷர் ஒன்றைப் போட்டு நன்றாக இறுக்கி, அதன்பின் மேலே வாசலின் பூசலாம். முன்னாலேயே பூசினால் இடையில் படலமாக நிற்கும். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் கழுவிவிடலாம்.

நம் மாருதிக்கு வருவோம். வேலை முடிந்ததும் எர்த் பக்க இழப்பு 0.1. பேட்டரி இப்போது 10.7-க்கு இறங்குகிறது. குறைந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம், மோட்டார் இப்போது 120 ஆம்பியர் வரை இழுக்க முடிகிறது என்பதால்தான் இறக்கம். பிளஸ் பக்கம் 0.5 போக, மோட்டாருக்கு 10.1 வோல்ட் கிடைக்கிறது. முன்பு மோட்டார் வாங்கிய ஆற்றல் 860 வாட். இப்போது 1,200 வாட்டுக்கு மேல். செல்ஃப் மோட்டாரின் ஒரு திருகைக்கூடத் தொடாமல் நாற்பது சதவீதம் பலம் கூடியிருக்கிறது.

தட்டினால் ஏன் எடுக்கிறது?

பாதை சரியாக இருந்தும் மோட்டார் ஒத்துழைக்காத வண்டிகள் உண்டு. மெக்கானிக் ஸ்பேனரால் செல்ஃப் மோட்டாரை இரண்டு தட்டு தட்டுவார், வண்டி எடுத்துக்கொள்ளும். மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரைக் கார்பன் பிரஷ்கள் ஸ்பிரிங் பலத்தில் அழுத்திக்கொண்டிருக்கும். கார்பன் தேயத் தேய ஸ்பிரிங்குக்கு எட்டாத நீளத்துக்குப் போகும், அல்லது தன் கூட்டில் தூசியோடு சிக்கிக்கொள்ளும். தட்டும்போது அது கொஞ்சம் நகர்ந்து தொடுகிறது. தட்டி எடுக்கிறது என்றால் பிரஷ் முடியும் தறுவாயில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பிரஷ் செட்டின் விலை முழு மோட்டாரின் விலையில் சிறு பங்குதான். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் மோட்டாரைப் பிரித்து பிரஷை மாற்றி, தண்டைத் தாங்கும் புஷ்ஷைப் பார்த்து, பிரஷ் உரசும் கம்யூட்டேட்டரைத் துடைத்துக் கொடுத்துவிடுவார். அப்படிப் பிரித்துப் பார்க்கும் கைகள் குறைந்துவருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

டீ குடித்துவிட்டு வந்தால் எடுக்காத வண்டி

காலையில் ஒரே சாவியில் எடுத்த வண்டி, வெயிலில் இரண்டு மணி நேரம் ஓட்டி டீக்கடையில் நிறுத்தியபின் மௌனம் சாதிக்கிறது. ‘டக்’ சத்தம்கூட இல்லை. அரை மணி நேரம் கழித்து எதுவுமே நடக்காதது போல் எடுக்கிறது.

செம்பு சூடானால் அதன் தடை ஏறும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம். இன்ஜினை நிறுத்தியதும் விசிறிக் காற்றும் ஓட்டக் காற்றும் நின்றுபோய், சைலென்சர் பக்கத்துச் சூடெல்லாம் சொலினாய்டில் ஏறுகிறது. 20 டிகிரியில் இருந்த சுருள் 100 டிகிரிக்குப் போனால் தடை முப்பது சதவீதம் கூடிவிடும், மின்னோட்டம் கிட்டத்தட்ட கால்பங்கு குறையும். காந்த இழுவை மின்னோட்டத்தைவிட வேகமாகக் குறைவதால், பழைய பலத்தில் பாதியை ஒட்டித்தான் மிஞ்சும். புது வண்டிக்கு அதுவே போதும். இருபது வருஷத்துச் சாவி சுவிட்ச், மெல்லிய ஒயர், கருத்த இணைப்பிகள் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் வோல்ட்டை விழுங்கியபின் போதாது.

இதற்கு ஒரு ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தில் இயங்கும் சுவிட்ச், வைப்பது நிரந்தர வைத்தியம். ரிலேயின் காலில் பொறித்திருக்கும் எண்களைப் பாருங்கள். 30-க்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த ஒயர், 87-லிருந்து சொலினாய்டுக்கு. 86-க்கு சாவியிலிருந்து வரும் பழைய ஒயர், 85 எர்த்துக்கு. சாவி சுவிட்ச் இனிச் சில பத்து ஆம்பியரைச் சுமக்க வேண்டியதில்லை. ரிலேயை இயக்கக் கால் ஆம்பியருக்குள் போதும். சொலினாய்டுக்குப் பேட்டரியின் வோல்ட் நேராகக் கிடைக்கிறது. சாவி சுவிட்சின் ஆயுளும் நீள்கிறது.

ஒரே இடத்தில் தேயும் பற்கள்

கடைசியாக மின்சாரத்தோடு சம்பந்தமே இல்லாத ஒன்று. செல்ஃப் சுற்றுகிறது, ‘கிர்ர்’ என்ற சத்தம் வருகிறது, இன்ஜின் அசையவில்லை. பத்தில் ஒரு முறைதான் இப்படி, மற்ற நேரம் சுகமாக எடுக்கிறது. பெண்டிக்ஸ் கழன்றுவிட்டது என்று மாற்றியும் தீரவில்லை.

நிறுத்திய இன்ஜின் நினைத்த இடத்தில் நிற்பதில்லை. ஏதாவது ஒரு சிலிண்டர் காற்றை அழுத்தப்போகும் இடத்தில் சுழற்சி தோற்று நின்றுவிடும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் அழுத்தம் அரைச் சுற்றுக்கு ஒரு முறை வருவதால் ஃப்ளைவீல் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களை ஒட்டியே நிற்கும். மூன்று சிலிண்டர் மாருதியில் மூன்று இடங்கள். வருஷக்கணக்கில் பெண்டிக்ஸ் அந்த இடத்துப் பற்களிலேயே போய் மோதும். மீதிப் பற்கள் புதிது போல் இருக்க, அங்கே மட்டும் பல் மழுங்கியிருக்கும்.

வண்டியை டாப் கியரில் போட்டு, சாவியை எடுத்துவிட்டு, கையால் கொஞ்சம் முன்னும் பின்னும் தள்ளினால் பல்வளையம் ஒரு பல் இரண்டு பல் நகரும். அதன்பின் நியூட்ரலுக்கு மாற்றிச் செல்ஃப் அடித்தால் எடுத்துவிடும். அப்படி எடுத்தால் நோய் பல்வளையத்தில் என்று உறுதி. வளையம் ஃப்ளைவீல் மேல் சூடேற்றி மாட்டியது. கியர்பாக்ஸை இறக்கும் வேலை எப்போது வந்தாலும், கிளச் மாற்றும்போது என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது சூடேற்றிக் கழற்றி, நான்கு சிலிண்டர் வண்டியில் கால் சுற்று, மூன்று சிலிண்டர் வண்டியில் ஆறில் ஒரு சுற்று திருப்பி மாட்டச் சொல்லலாம். தேயாத பற்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும்.